சுவரில் ஒரு பட்டன் கோலம்!

குட்டீஸ், உங்கள் வீட்டுத் தையல் டப்பாவை எப்போதாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? பழைய பிஸ்கட் டப்பாவோ, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோ, ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். அதைக் கவிழ்த்துக் கொட்டினால் நூல்கண்டு, ஊக்கு, கொக்கி எல்லாம் விழுந்த பிறகு கடைசியாக சலசலவென்று வந்து விழும் பாருங்கள், அவைதான் பட்டன்கள்! அப்பாவின் கிழிந்த சட்டையிலிருந்து கழற்றியது, அக்காவின் சுடிதாரிலிருந்து உதிர்ந்தது, நீங்கள் எல்.கே.ஜி.யில் போட்ட சட்டையில் இருந்தது... எது யாருடையது என்று பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தப் பட்டன்களில் பாதிக்கு ஜோடி கிடையாது. ஒற்றையாகக் கிடக்கும். எந்தச் சட்டைக்கும் பொருந்தாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அப்படிப்பட்ட பட்டன்களில் 19 மட்டும் எடுத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு புள்ளிக்கோலம் செய்யலாமா? புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் பட்டன். அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது அநேகமாக எதுவுமே இல்லை. இரண்டு நாள் சாயங்கால நேரம் போதும்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

முதலில் டப்பாவில் இருப்பதைப் பழைய செய்தித்தாளின் மேல் கொட்டிப் பிரியுங்கள். ஒரே மாதிரி நாலைந்து பட்டன்கள் இருந்தால் அவற்றை நூலில் கோர்த்து டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுங்கள். அவை நாளைக்கு ஒரு சட்டையைக் காப்பாற்றும். புதுச் சட்டையின் உள்பக்கத் தையலில் உபரியாக ஒன்றிரண்டு பட்டன் வைத்துத் தைத்திருப்பார்களே, அதிலும் கை வைக்கக் கூடாது. கோலத்துக்கு ஒற்றைப் பட்டன்கள்தான்.

இன்னொன்று. இதைக் கவனமாகப் படியுங்கள். தையல் டப்பாவில் சில வீடுகளில் பழைய கைக்கடிகார பேட்டரியும் கிடக்கும். வட்டமாக, வெள்ளி மாதிரி பளபளவென்று, ஓட்டை இல்லாமல் இருக்கும். பட்டன் பேட்டரி என்றே அதற்குப் பெயர். அதைக் கண்டால் உடனே எடுத்துப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; காத்திருந்து பார்க்கக் கூடாது. சாதாரண பட்டனும் குழந்தைகளின் தொண்டையில் சிக்கிக் கொள்ளும். எனவே வீட்டில் தவழும் தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் தூங்கும்போது வேலையை வைத்துக் கொள்ளுங்கள். பட்டன்களை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

வீட்டில் 19 தேறவில்லையா? பக்கத்துத் தெரு தையல்காரரிடம் போய், 'அண்ணே, உங்ககிட்ட ஒத்தையா மிஞ்சின பட்டன் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் அது உபயோகப்படாத சாமான்தான்.

பட்டனைத் தெரிந்து கொள்வோம்

பிரிக்கும்போதே ஒரு விளையாட்டு. பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் தெரியாது. சில்லென்று இருந்து, வெளிச்சத்தில் திருப்பினால் வானவில் மாதிரி நிறம் மாறினால், அது சிப்பியில் செய்ததாக இருக்கலாம். தாத்தாவின் பழைய ஜிப்பாவில் தேடினால் கிடைக்கக் கூடும். பழுப்பு நிறத்தில், இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி இருந்தால் தேங்காய்ச் சிரட்டையில் செய்ததா என்று பாருங்கள். காக்கிச் சட்டைப் பட்டன் என்றால் பித்தளையாக இருக்கலாம்.

சிப்பிப் பட்டனுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் மஸ்கட்டீன் என்று ஓர் ஊர். ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் போப்பிள் என்ற பட்டன் தொழிலாளி, 1891ஆம் ஆண்டு அங்கே ஆற்றுச் சிப்பியில் பட்டன் வெட்டத் தொடங்கினார். 1905ஆம் ஆண்டில் அந்த ஒரே ஊரில் 150 கோடி பட்டன்கள் தயாராயின! 'உலகத்தின் முத்துப் பட்டன் தலைநகரம்' என்றே அந்த ஊருக்குப் பெயர் வந்தது. ஆனால் அள்ள அள்ளச் சிப்பி குறைந்து கொண்டே வந்தது. பிற்பாடு பிளாஸ்டிக் பட்டன் வந்ததும் சிப்பித் தொழில் படுத்துவிட்டது. எனவே உங்கள் டப்பாவில் ஒரு சிப்பிப் பட்டன் கிடைத்தால் அதைக் கோலத்தில் நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள்.

அது சரி, பட்டனா, பொத்தானா? பொத்தான்தான் தமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வெளியூரிலிருந்து வந்ததுதான். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போலவே அதுவும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து விட்ட சொல். 

அட்டை எங்கே, துணி எங்கே?

போன வருட தினசரி காலண்டரின் அட்டை இருக்கிறதா? அதுதான் நமக்குப் பலகை. தடிமனாக இருக்கும், வளையாது, ஆணியில் மாட்டுவதற்கு மேலே ஓட்டையும் தயாராக இருக்கும். தேதித் தாள்களைப் பிடித்திருந்த கம்பி, தகரம் ஏதாவது அதில் ஒட்டிக் கொண்டிருந்தால் அப்பாவை விட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள். துருப்பிடித்திருக்கும், கையைக் கிழிக்கும். அட்டையில் சாமி படம் இருந்தால் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 'சாமி மேல துணியைப் போர்த்துறியா?' என்று சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!

துணிக்கு என் யோசனை இது: சிறுத்துப் போன பள்ளிச் சீருடையில் கருநீலமோ, கரும்பச்சையோ இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். கருநீலத் துணியில் சாக்பீஸால் புள்ளி வைத்தால், சாணம் தெளித்த வாசலில் கோலமாவு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சட்டைப் பட்டன்கள்தான் எல்லார் வீட்டிலும் அதிகம் இருக்கும். அவற்றுக்கும் கரும் நிறம்தான் எடுப்பு. துணி, அட்டையைவிட நாலு பக்கமும் 4 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்துக் கொள்ளுங்கள்.

இவை தவிர ஊசி, நூல், கத்தரிக்கோல், ஸ்கேல், சாக்பீஸ், வெள்ளைப் பசை கொஞ்சம், வெளிர் நிற உல்லன் நூல் ஒன்றரை மீட்டர். உல்லன் இல்லாவிட்டால் தடித்த பருத்தி நூலும் போதும்.

ஏன் பட்டனை ஒட்டக் கூடாது?

'தைக்க வேண்டுமா? பசை போட்டு ஒட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே!' என்று கேட்பீர்கள். ஒட்டிப் பாருங்கள். முதல் வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் டக்கென்று ஒன்று விழும். மறுநாள் இன்னொன்று.

காரணம் என்ன தெரியுமா? நாம் பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. காகிதம், துணி, மரம் இவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கும். தண்ணீர் வற்றியதும் உள்ளேயே இறுகிப் பிடித்துக் கொள்ளும். வழுவழு பிளாஸ்டிக்கில் இறங்குவதற்குத் துளையே இல்லை. பசை மேலேயே காய்ந்து, தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். நொடியில் ஒட்டும் பசைகள் கடையில் உண்டுதான். ஆனால் அவை பட்டனுக்கு முன்னால் உங்கள் இரண்டு விரல்களையும் ஒட்டிவிடும். வேண்டாம்.

பட்டனில் ஓட்டை போட்டு வைத்திருப்பதே தைப்பதற்குத்தானே! தைத்த பட்டன் நூல் இற்றுப் போகும் வரை விழாது.

புள்ளி வைக்கலாம் வாங்க

துணியை நாலாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடுகள் வெட்டிக் கொள்ளும் இடம்தான் நடுப்புள்ளி. அதன் வழியாகக் குறுக்கே ஒரு கோடு. நடுப்புள்ளிக்கு வலப்புறம் 3 செ.மீ. தள்ளி ஒன்று, 6 செ.மீ. தள்ளி ஒன்று, இடப்புறமும் அதே போல. மொத்தம் ஐந்து புள்ளி.

இந்தக் கோட்டுக்கு மேலே 2.6 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு. இதில் நாலு புள்ளி. ஆனால் கீழே உள்ள புள்ளிகளுக்கு நேர் மேலே அல்ல. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வர வேண்டும். ஆமாம், அம்மா வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலம்தான் இது! அதற்கும் மேலே 2.6 செ.மீ. தள்ளி மூன்று புள்ளி. கீழ்ப்பக்கமும் இதே மாதிரி நாலு, மூன்று. 3, 4, 5, 4, 3 கூட்டிப் பாருங்கள், 19 வருகிறதா?

குறுக்கே 3 செ.மீ. வைத்துவிட்டு மேலே மட்டும் ஏன் 2.6 என்று கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மூன்றைச் சேர்த்தால் மூன்று பக்கமும் 3 செ.மீ. உள்ள முக்கோணம் கிடைக்க வேண்டும். அந்த முக்கோணத்தின் உயரம்தான் 2.6 செ.மீ. ஸ்கேலை வைத்து அளந்தே பார்த்துக் கொள்ளலாம்.

இப்போது இதழ்கள். ஒரு காகிதத்தில் 6 செ.மீ. நீளமும், நடுவில் 2 செ.மீ. அகலமும் உள்ள இலை வடிவம் வரைந்து வெட்டிக் கொள்ளுங்கள். இலையின் ஒரு நுனி நடுப்புள்ளியில், மறு நுனி கோலத்தின் மூலைப் புள்ளியில். சுற்றிலும் சாக்பீஸால் கோடு. மேல் வரிசையின் இரண்டு ஓரங்கள், கீழ் வரிசையின் இரண்டு ஓரங்கள், நடு வரிசையின் இரண்டு ஓரங்கள் என்று மூலை மொத்தம் ஆறு. எனவே இதழும் ஆறு. ஒவ்வோர் இதழின் வயிற்றிலும் ஒரு புள்ளி மாட்டிக் கொண்டிருக்கும். கடைசியாக மூலைகளைச் சுற்றிலும் நேர்க்கோட்டால் இணைத்தால் அறுகோணம். மிச்சமுள்ள ஆறு புள்ளிகளும் அந்தக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

ஊசியும் நூலும்

முதலில் இதழ்களுக்குள் உள்ள ஆறு பட்டன்களை மட்டும் தையுங்கள். இந்த ஆறும் ஒரே நிறமாக இருந்தால் அழகு. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. பட்டன் வியாபாரத்தில் அளவுக்கு லைன் என்று பெயர். 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். சாதாரண சட்டைப் பட்டன் 18 லைன், அதாவது அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு இதழுக்குள் கச்சிதமாக அடங்கும்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கிக் கொள்ளும். இரட்டையாகக் கோர்த்து முடிச்சுப் போடுங்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை ஏற்றி, ஓர் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, அடுத்த ஓட்டையில் இறக்குங்கள். நாலைந்து முறை போதும். இழுத்துத் தைக்க வேண்டும். ஆனால் துணி சுருங்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பட்டன் முடிந்ததும் பின்னால் முடிச்சுப் போட்டு நூலை வெட்டிவிடுங்கள். சோம்பேறித்தனப்பட்டு ஒரே நூலில் ஆறையும் தைத்தால், ஓர் இடத்தில் அறுந்தால் ஆறும் ஆடும்!

நாலு ஓட்டைப் பட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் பெருக்கல் குறி. பக்கவாட்டில் போட்டால் சமக்குறி. ஓரமாகவே சுற்றி வந்தால் சதுரம். சிவப்பு நூலால் வெள்ளைப் பட்டனில் போட்டுப் பாருங்கள், பட்டனுக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

எட்டு வயதுக்காரர்கள் ஊசி வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். எழுந்து போகும்போது ஊசியை எங்கே குத்தி வைத்தோம் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆறு பட்டனும் ஆயிற்றா? இப்போது சாக்பீஸ் கோடுகளின் மேல் மெல்லியதாகப் பசை தடவி, உல்லன் நூலை வைத்து விரலால் அழுத்திக் கொண்டே போங்கள். உல்லனும் துணியும் துளை நிறைந்தவை. எனவே இங்கே பசை நன்றாகப் பிடிக்கும். மிச்சமுள்ள 13 புள்ளிகள் இருக்கும் இடங்களில் மட்டும் பசை வேண்டாம். பசை காய்ந்து இறுகினால் அங்கே ஊசி இறங்காமல் மக்கர் பண்ணும்.

பசை காயும் வரை ஒரு கதை

பட்டன் முதன் முதலில் எதற்காக வந்தது தெரியுமா? சட்டையைப் பூட்டுவதற்கு அல்ல, அழகுக்கு! சிந்து சமவெளியில், மொகஞ்சதாரோவில் சிப்பியில் செய்த பட்டன் கிடைத்திருக்கிறது. வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். நூல் கோர்க்க ஓட்டையும் உண்டு. ஆனால் அது ஆடையில் அலங்காரமாக வைத்துத் தைத்த பட்டன். எனவே சுவரில் பட்டனை வைத்து அழகு பார்க்கும் நாம் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

லண்டனில் ஹென்றி கிராஃப்ட் என்று ஒருவர் இருந்தார். 1861இல் பிறந்தவர். அநாதை இல்லத்தில் வளர்ந்து, தெருக்கூட்டும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அங்கே தள்ளுவண்டியில் பழம் விற்பவர்கள் தங்கள் கால்சட்டை ஓரத்தில் வரிசையாக முத்துப் பட்டன் தைத்துக் கொள்வார்கள். அதைப் பார்த்த ஹென்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டன் சேர்த்தார். தெருவில் கிடந்த பட்டன்களையும் பொறுக்கிச் சேர்த்தார் என்று சொல்வார்கள். ஓரத்தில் மட்டும் அல்ல, கோட்டு, கால்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் பட்டனாலேயே நிரப்பிவிட்டார்! அந்த உடையில் அவர் தெருவில் வந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? கூடிய கூட்டத்திடம் உண்டியல் நீட்டி, ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழைகளுக்கும் பணம் திரட்டிக் கொடுத்தார். 1930இல் அவர் இறந்துவிட்டார். பட்டன் உடையுடன் நிற்கும் அவருடைய சிலை லண்டனில் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே 'முத்து ராஜா', 'முத்து ராணி' என்ற பெயரில் அதே மாதிரி பட்டன் உடை போட்டுக் கொண்டு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறார்கள்.

மறுநாள் வேலை

பசை காய்ந்துவிட்டது. இனி மூலைப் பட்டன் ஆறு, கோட்டின் மேல் வரும் பட்டன் ஆறு. உல்லன் நூலின் மேலேயே பட்டனை உட்கார வைத்துத் தையுங்கள். நூல் எந்தக் காலத்திலும் கிளம்பாது. இந்தப் பன்னிரண்டுக்கும் உங்களிடம் இருக்கும் கதம்பப் பட்டன்கள்தான். பச்சை, மஞ்சள், ஊதா எதுவானாலும் சரி. ஒன்று மட்டும் பாருங்கள்: ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் எதிர் எதிர் மூலையில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் கோலம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும்.

நடுவில் கடைசிப் பட்டன். கோட்டுப் பட்டனோ, ஸ்வெட்டர் பட்டனோ, 2 செ.மீ. அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். ஆறு இதழின் நூல் நுனிகளும் அங்கேதான் முட்டி மோதிக் கொண்டு நிற்கும். பெரிய பட்டன் எல்லாவற்றையும் மூடிவிடும். பின்பக்கம் வளையம் உள்ள பட்டன் மட்டும் வேண்டாம். தலையைத் தொங்கப் போட்டுக் கொள்ளும்.

இனி துணியைக் கவிழ்த்து, அதன் மேல் அட்டையை வைத்து, நாலு பக்கமும் இழுத்து மடித்துப் பின்னால் பசை போட்டு ஒட்டுங்கள். காயும் வரை துணி உலர்த்தும் கிளிப் மாட்டி வைக்கலாம். மேலே காலண்டர் ஓட்டை இருக்கும் இடத்தில் துணியைச் சின்னதாக வெட்டிக் கயிறு கட்டுங்கள். புது ஆணி அடிக்க வேண்டாம். பழைய காலண்டர் மாட்டியிருந்த ஆணி காலியாகத்தானே இருக்கிறது?

ஐந்தாறு பட்டன்தான் கிடைத்தது என்பவர்கள் கோலத்துக்குக் கவலைப்பட வேண்டாம். உல்லன் நூலில் ஒரு மரம் ஒட்டி, கிளைக்கு ஒரு பழமாகப் பட்டனைத் தைக்கலாம். உங்கள் பெயரின் முதல் எழுத்தை ஒட்டி, திரும்பும் இடத்தில் மட்டும் பட்டன் வைத்தாலும் நன்றாக இருக்கும்.

தூசு படிந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அண்ணன் சட்டையில் ஒரு வெள்ளைப் பட்டன் காணாமல் போய், டப்பாவிலும் இல்லை என்றால், சுவரைப் பாருங்கள். கோலத்திலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த இடத்தில் வேறு நிறத்தில் ஒன்றைத் தைத்துக் கொள்ளலாம்.